அப்பாவின் முதல் வருஷத்துக்கு என்ன எழுதுவது?

கன்னடியன்கால் மகள்

வரும் புரட்டாசியில் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும் என்று தம்பி அச்சகத்துக்குப் போனான். அங்கே ஒரு கோப்பைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வாசகங்கள் தயாராக இருக்கின்றன, பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும். 'மண்ணை விட்டு மறைந்தாலும்', 'ஓய்வறியா உழைப்பாளி', 'ஆலமரமாய் நிழல் தந்தவர்'. தம்பி ஒன்றை எழுதிக்கொண்டு வந்து அம்மாவிடம் வாசித்தான். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "இது யாரைப் பத்திய்யா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அட்டைக்குப் பதிலாகப் பதினாறு பக்கத்தில் சின்னப் புத்தகம் போடலாம் என்று நினைக்கிறேன். அப்பா எப்படி இருந்தார் என்று அவர் பேரன் பேத்திகள் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கும் வேலை. 1974-இல் சேர்ந்து 2009-இல் ஓய்வு பெற்றார். சேரன்மகாதேவிப் பக்கம்தான் எங்கள் ஊர். அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பது, ஷட்டரில் வந்து அடைக்கும் அமலைச் செடியை அரிவாள் கட்டிய கழியால் இழுத்துப் போடுவது, திருகுக்கு கிரீஸ் போடுவது, ராத்திரி டார்ச் விளக்கோடு கரையில் நடப்பது. அப்பாவின் முப்பத்தைந்து வருஷமும் இதிலேயே போனது.

எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். கோடை முடிந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் நாட்களில் சின்னப் பிள்ளையான என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். காய்ந்து கிடந்த கால்வாயில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். அது எவ்வளவு பைய வருகிறதோ அவ்வளவு பைய நாங்களும் கூடவே போவோம். "ஏம்ப்பா முழுசாத் திறக்கல?" என்று கேட்டேன். கரை வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, நண்டு வளையும் எலி வளையும் இருக்கிறது, ஒரேயடியாகத் திறந்தால் அந்த வழியே புகுந்து கரையை அரித்துவிடும், முதலில் மண் குடிக்கட்டும் என்றார். திறப்பதைப் போலவே அடைப்பதையும் பையத்தான் செய்ய வேண்டுமாம். ஊறி நிற்கிற கரைக்குத் தண்ணீர்தான் தாங்கல், சட்டென்று வடிந்தால் மண் சரிந்து விழும்.

இதெல்லாம் எழுதலாமா? இதை யார் படிப்பார்கள் என்றும் தோன்றுகிறது. அப்பாவையோ அம்மாவையோ பற்றி எழுதி வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பத்தமடைத் தம்பி

கண்டிப்பாக எழுதுங்கள் அக்கா. நான் ஒரு தப்புப் பண்ணினேன், அதைச் சொல்கிறேன். என் அப்பா பாய்க்காரர். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து வந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்க முடியுமோ அவ்வளவு கிழித்து நெய்வது. நகத்தால் தடவியே கோரை தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். அவர் போன பிறகு பத்துப் பக்கம் எழுதினேன். அன்பானவர், பொறுமையானவர், யாரையும் கடிந்து பேசாதவர். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் அச்சகத்துக் கோப்புதான். என் வார்த்தையில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். நகத்தால் தடவுவது அதில் இல்லை!

உங்கள் முதல் பதிவில் அந்த சைக்கிள் பாரும் நுரையும் இருக்கிறதே, அப்படியே போடுங்கள். அப்புறம், அம்மா இருக்கிறார்கள் அல்லவா? போனில் பதிவு பண்ணி வையுங்கள். என் அம்மா எனக்கு முன்னாலேயே போய்விட்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த நாள் எப்படி இருந்தது என்று கேட்க ஆள் இல்லை.

குறுக்குத்துறை வாசி

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை, வயல் வைத்திருந்தவன். புத்தகத்தில் ஒரு பக்கம் ஆற்றுக்கும் ஒதுக்குங்கள் அம்மா. ஆறு தெரியாத பேரப்பிள்ளைக்குத் தாத்தா செய்த வேலையும் புரியாது.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேர்வதற்குள் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்களில் 86,107 ஏக்கர் விளைகிறது. அதில் கன்னடியன் கால்வாய் பாய்வது 12,500 ஏக்கர். மேலே பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று பத்திரிகையில் தினமும் போடுகிறான். அணையில் எத்தனை அடி இருந்தாலும் வயலுக்கு வருவது லஸ்கர் திருகுகிற திருகில்தான்.

கன்னடியன் கால்வாய் வெட்டின கதையை உங்கள் அப்பா சொல்லியிருப்பாரே? கன்னட தேசத்திலிருந்து வந்தவர் ஒருவர், பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியே கால் வெட்டினார், அது கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம் என்று எங்கள் ஆச்சி சொல்வாள்.

கன்னடியன்கால் மகள்

சொல்லியிருக்கிறார் ஐயா. அப்பா அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வார். மாடு மேட்டில் ஏறாமல் சாய்வு பார்த்தே நடக்கும், அதனால் அந்தக் கதை பொய்யாக இருந்தாலும் கால்வாய் மட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்பார். இப்போது நீங்கள் கேட்கும்போதுதான் இது நினைவுக்கு வந்தது. எழுதிக்கொண்டேன்.

கடைமடைக்காரன்

வருத்தப்படாதீர்கள், மனதில் உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் வயல் வேறொரு கால்வாயில், கடைசி மடை. லஸ்கர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் வயிறெரியும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், எங்கள் முறை வருகிற ராத்திரி மேலே யாரோ பலகையைத் தூக்கிவிடுவார்கள், கேட்டால் எனக்குத் தெரியாது என்பார் எங்கள் பக்கத்து லஸ்கர். ஒரு பிசான நெல் பருவத்தில் பொதி கட்டும் நேரம் தண்ணீர் இல்லாமல் மொத்தமும் பதராகப் போனது. எங்கள் அப்பா அந்த வருஷம் அக்காவின் நகையை அடகு வைத்தார், அதைத் திருப்பவே இல்லை.

உங்கள் அப்பா அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் புத்தகம் போடுகிறீர்கள் என்றால் அவரோடு மனஸ்தாபம் இருந்தவர்களும் இருப்பார்களே. அவர்கள் அதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள்? நல்லது மட்டும்தான் எழுதுவீர்களா?

பத்தமடைத் தம்பி

அண்ணே, முதல் வருஷத்துக்குப் போடுகிற புத்தகத்தில் இதெல்லாம் எதற்கு? இறந்தவரைப் பற்றிக் குறை எழுதுவது வழக்கம் இல்லையே.

கடைமடைக்காரன்

குறை எழுதச் சொல்லவில்லை தம்பி. நடந்ததை எழுதச் சொல்கிறேன்.

கன்னடியன்கால் மகள்

கடைமடை அண்ணாச்சி, நீங்கள் கேட்டது சரிதான். இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பாவின் வயல் மேல்மடையில். ஒரு வறண்ட வருஷம் முறைப்பாசனம் நடந்தது. கீழே உள்ள ஊர்களுக்கு முறை. சித்தப்பாவின் நாற்று வெளுத்துக்கொண்டிருந்தது. ராத்திரி அவர் போய் மடையைத் திறந்துவிட்டார். ரோந்து போன அப்பா பார்த்து, அடைத்து, சித்தப்பாவின் மம்பட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் ஊர்ச் சாவடியில் எல்லோர் முன்னாலும் அந்த மம்பட்டியைப் போட்டார். சொந்தத் தம்பியின் மம்பட்டி.

அடைத்தது சரி. சாவடியில் போட்டது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சித்தப்பா பதினோரு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. என் சடங்குக்கு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் அப்பாவும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். ஆச்சி இறந்த அன்றுதான் பேச்சு வந்தது, அதுவும் தூக்குவதற்கு முன் "நீ அந்தப் பக்கம் பிடி" என்ற ஒரு சொல்.

அப்பா பிடிவாதக்காரர், அண்ணாச்சி. இதை எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

ஆலங்குளம் அக்கா

எல்லாவற்றையும் படித்தேன். நான் பேசுவது பெண்டாட்டி பக்கத்திலிருந்து. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். பஸ் ஓட்டினார். விடிகாலை மூணேகால் மணிக்கு முதல் ட்ரிப்புக்கு எழுந்திருப்பார், நான் கடுங்காப்பி போட்டுக் கொடுப்பேன். அவர் போன பிறகும் ஒரு வருஷம் மூணேகாலுக்கு முழிப்பு வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுப்பேன். இதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை, அவர்களும் கேட்கவில்லை. அவர்களுக்கு அப்பா போய்விட்டார் என்ற துக்கம் இருந்தது, எனக்கு என்ன போனது என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வருஷத்தன்று சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், அவர் படத்துக்கு மாலை போட்டார்கள். நான் பின்கட்டில் பாத்திரத்தோடு இருந்தேன். விளக்கேற்றக் கூப்பிட்டார்கள், அதிலும் ஒருத்தி, "சுமங்கலி யாராவது முதலில்" என்றாள். அவர் படத்துக்கு விளக்கேற்ற எனக்கு முந்தி யாருக்கம்மா உரிமை?

அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் அப்பாவைப் பற்றி மட்டும் கேட்காதே. அவளைப் பற்றியும் கேள். விளக்கை அவள் கையால் ஏற்றச் சொல். பூ வைத்துக்கொள்ள அவளுக்கு ஆசை இருந்தால் வை, இல்லையென்றால் வற்புறுத்தாதே. எது வேண்டும் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கன்னடியன்கால் மகள்

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். மூன்று நாள் அம்மாவோடு இருந்தேன். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கறுப்பு உளுந்துச் சோறும் எள்ளுத் துவையலும் பண்ணிக்கொண்டிருக்கும்போது தானாகப் பேச ஆரம்பித்தாள். அப்பாவின் பெயரை அம்மா இன்றுவரை சொன்னதில்லை, 'அவுக' என்றுதான் சொல்வாள். அவள் பேசியதைக் கொஞ்சம் எழுத்து நடைக்கு மாற்றி இங்கே போடுகிறேன்.

"கல்யாணம் 1979 தை மாசம். ஒன்பதாம் நாள் ராத்திரி ஆள் வந்து கூப்பிட்டான், கரையில் கசிவு என்று. போனவுக மறுநாள் மத்தியானம் வந்தாக, இடுப்பு வரைக்கும் சேறு. எனக்கு என்ன பேச என்று தெரியவில்லை. கொல்லையில் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். அதுதான் நாங்கள் முதன்முதலில் சிரித்துப் பேசியது. சட்டையில் கிரீஸ் கறை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். அந்த மண்ணெண்ணெய் வாடை முப்பது வருஷம் என் கையில் இருந்தது.

92 வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். நவம்பர் 13. நீ அப்போது ஒன்பது வயசு. முந்தின நாள் சாயங்காலம் போனவுக, மூன்று நாள் தகவல் இல்லை. கால்வாயில் ஒரு லஸ்கரை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். யார் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். நான் உங்கள் இரண்டு பேருக்கும் பழையதைக் கரைத்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் வேறு யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு வந்தாக. பிள்ளைகள் சாப்பிட்டதா என்றாக. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவுகளாகச் சொன்னாக. ஆறு அப்படி வரும்போது கால்வாய் வாயை அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் வெள்ளம் கால்வாய்க்குள் புகுந்து கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போகும். ஷட்டர் இறங்க மாட்டேன் என்றது, மரக்கட்டை சிக்கியிருந்தது, மூன்று பேர் தொங்கி இறக்கினோம் என்றாக. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடித்துக்கொண்டு போனது என்று சொன்னார்களே, அது பொய். எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

2023 டிசம்பரில் வெள்ளம் வந்ததே, அவுக போய் மூன்று மாசம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று டிவியில் சொன்னான். கரண்டு இல்லை. ராத்திரி மழைச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, வாயை அடைத்திருப்பார்களா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று உறைத்தது.

உங்கள் சித்தப்பா விஷயம். அந்தப் பதினோரு வருஷமும் மாசம் ஒருதரம் உளுந்துச் சோறு செய்து தூக்குச்சட்டியில் போட்டு உன் தம்பியிடம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புவேன். அவருக்கு இந்தச் சோறு என்றால் உயிர். உங்கப்பாவுக்குத் தெரியாமல்தான் அனுப்பினேன். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டாக, 'தூக்குச்சட்டி திரும்பி வந்துதா?' என்று. அவ்வளவுதான். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவுகளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் உளுந்துச் சோறு பண்ணுகிற அன்றைக்கு ஒரு கரண்டி கூடவே பண்ணு என்பாக."

நாற்பத்தொரு வயசு வரைக்கும் இது எனக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டு போன தம்பிக்கும் தெரியாது, அப்பாவுக்குப் பயந்து பின்வாசல் வழியே ஓடுவான்.

பூவைப் பற்றிக் கேட்டேன் அக்கா. அப்பா கடையில் பூ வாங்கி வந்தது கிடையாதாம். கால்வாய்க் கரையில் தாழம்புதர் உண்டு. பூக்கும் காலத்தில் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து ஒன்றும் பேசாமல் அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுப் போவாராம். "இப்ப தலையில வைக்க எனக்கு மனசில்ல, வைக்கச் சொல்லாத. தாழம்பூ கிடைச்சா வாங்கியா, சேலைப் பொட்டியில போட்டு வைப்பேன்" என்றாள். விளக்கு அவள்தான் ஏற்றப்போகிறாள். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

ஆலங்குளம் அக்கா

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்.

கடைமடைக்காரன்

தூக்குச்சட்டியை மறக்காமல் எழுதுங்கள். எங்கள் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன், எண்பத்திரண்டு வயசு. "சொந்தத் தம்பிக்கே அடைச்சானா?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. எங்கள் கால்வாயில் இப்படி ஒருத்தர் இருந்திருந்தால் என்று நினைத்திருப்பார்.

குறுக்குத்துறை வாசி

92-இல் எங்கள் முருகன் கோவில் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் போகும், வடிந்ததும் சேற்றை அள்ளிவிட்டுப் பூசை நடக்கும். அந்த நாட்களில் நாங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தோம். மேலே யாரோ மூன்று பேர் ஷட்டரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொள்கிறேன். வரும் அமாவாசைக்குப் பாபநாசத்தில் என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது உங்கள் அப்பாவையும் நினைத்துக்கொள்வேன் அம்மா.

கன்னடியன்கால் மகள்

எல்லோருக்கும் நன்றி. புத்தகம் முடிந்துவிட்டது. பதினாறு என்று நினைத்தது இருபத்து நாலு பக்கம் ஆகிவிட்டது. ஆற்றுக்கு ஒரு பக்கம், ஐயா சொன்னபடி.

அச்சுக்குப் போகும் முன் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அம்மா சொன்னாள். போனேன். மம்பட்டி வந்த பக்கத்தை வாசிக்கும்போது எனக்குக் குரல் நடுங்கியது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அதை எடுத்துரட்டுமா சித்தப்பா?" என்றேன். "எதுக்கு? நான் தொறந்தது நெசம்தான" என்றார். ஒரு திருத்தம் மட்டும் சொன்னார், பதினோரு வருஷம் இல்லையாம், பத்து வருஷம் நாலு மாசமாம். மாற்றிவிட்டேன். வாசல் வரை வந்து, "உங்கப்பன் ஒரு கரண்டி கூடப் போடச் சொன்னான்னு மைனி நெசமாச் சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கடைசியாக அம்மாவுக்கு முழுவதையும் வாசித்தேன். தம்பி ஆசைப்பட்டான் என்று பின் அட்டையில் மட்டும் 'ஓய்வறியா உழைப்பாளி' என்று போட்டிருந்தோம். அம்மா அதை அடிக்கச் சொன்னாள். அவுக நன்றாக ஓய்வு எடுப்பாக, அது ஊருக்கே தெரியும் என்றாள். அந்த இடத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:

"தண்ணீர் சீராக ஓடுகிற நாட்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஷட்டருக்குப் பக்கத்தில் உள்ள பூவரச மரத்தடியில், கலுங்குக் கல்லில் துண்டை விரித்துத் தூங்குவார். தண்ணீர்ச் சத்தம் மாறினால் தானாக எழுந்துவிடுவார். அதனால் யாரும் அவரை எழுப்ப மாட்டார்கள்."